ஜிஆர்இ வாசிப்புப் பகுதி: பேசேஜின் அமைப்பைக் கேட்கும் கேள்விகளை எப்படி அணுகுவது

மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த முதல் மாதம் முழுக்க வார்த்தைப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசிப்புப் பகுதியைப் பற்றிக் கவலையே இல்லை. படித்தால் புரியப்போகிறது, புரிந்தால் விடை சொல்லிவிடப்போகிறேன் என்று அலட்சியம். ஒரு பயிற்சித் தேர்வில் தேனீக்களைப் பற்றி ஒரு பேசேஜ் வந்தது. ஒரு வரி விடாமல் புரிந்தது. கேள்வி இதுதான்: இரண்டாவது வாக்கியம் இந்தப் பேசேஜில் என்ன வேலை செய்கிறது? கீழே ஐந்து ஆப்ஷன்கள். ஒன்றில்கூடத் தேனீ இல்லை, பூ இல்லை, மகரந்தம் இல்லை. ‘பரவலாக ஏற்கப்பட்ட ஒரு கருத்துக்கு விதிவிலக்கு காட்டுகிறது’, ‘பின்னால் மறுக்கப்படும் ஒரு விளக்கத்தை முன்வைக்கிறது’ என்று இப்படியே ஐந்தும். தேனீயைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்டது அந்த வாக்கியம் அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறது என்று.

இந்த வகைக் கேள்விகளில் தடுமாறுகிறவர்களுக்கு எழுதுகிறேன். ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களும் இங்கே வழுக்கி விழுகிறார்கள், அதனால் உங்கள் ஆங்கிலத்தைச் சந்தேகப்பட வேண்டாம்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 2023 செப்டம்பரில் ஜிஆர்இயின் நீளம் குறைக்கப்பட்டது. இப்போது வெர்பலில், அதாவது மொழித்திறன் பிரிவில், இரண்டு பகுதிகள்: ஒன்றில் 18 நிமிடத்தில் 12 கேள்விகள், இன்னொன்றில் 23 நிமிடத்தில் 15 கேள்விகள். இவற்றில் ஏறக்குறையப் பாதி வாசிப்புக் கேள்விகள். முதல் பகுதியை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதன் கடினம் கூடும் அல்லது குறையும். பேசேஜ்களில் பெரும்பாலானவை ஒரே பத்திதான். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை.

கேள்வியை அடையாளம் காணுங்கள்

அமைப்புக் கேள்வி வேறு வேறு சட்டை போட்டு வரும். முழுப் பேசேஜும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நேராகக் கேட்பது ஒன்று. கேள்வியில் ‘ஆர்கனைசேஷன்’ என்ற சொல் இருக்கும். ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தின் வேலையைக் கேட்பது இன்னொன்று; ‘ஃபங்ஷன்’ அல்லது ‘ரோல்’ என்று வரும். இரண்டு இடங்களைத் தடித்த எழுத்தில் காட்டி, இரண்டுக்கும் என்ன பங்கு என்று கேட்பதும் உண்டு. நாலாவதுதான் ஆளை ஏமாற்றும்: ஆசிரியர் இன்னதைக் குறிப்பிடுவது ‘ப்ரைமரிலி இன் ஆர்டர் டு…’ என்று வரும் கேள்வி. பார்த்தால் தகவல் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேட்பது நோக்கத்தை. ‘இன் ஆர்டர் டு’ கண்ணில் பட்டதும் அமைப்புக் கேள்வி என்று முடிவு கட்டிவிடுங்கள்.

வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல்

தேர்வு மையத்தில் எழுதிப் பார்க்கத் தாள் கொடுப்பார்கள். வாக்கிய எண்ணைப் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வினையை எழுதுங்கள். கேட்கிறார், விளக்குகிறார், மறுக்கிறார், சான்று தருகிறார், விட்டுக்கொடுக்கிறார், முடிவு சொல்கிறார். தமிழிலேயே எழுதலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் ‘தேனீ நடனம்’, ‘1967 ஆய்வு’ என்று பொருளை எழுதாதீர்கள். பொருள் திரையிலேயே இருக்கிறது, அதை மறுபடி எழுதுவது நேர விரயம்.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒன்றைச் செய்து பார்த்துவிடலாம். ஜிஆர்இ பாணியில் நானே ஒரு பேசேஜ் எழுதியிருக்கிறேன். தேர்வில் ஆங்கிலத்தில் வரும், வேலை ஒன்றுதான்.

(1) ஆழ்கடலின் நடுவே வளையம் வளையமாக நிற்கும் பவளத்தீவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தன; திட்டுகளைக் கட்டும் பவள உயிரிகள் வெளிச்சம் எட்டும் மேல்நீரில் மட்டுமே வளரக்கூடியவை. (2) எரிமலைத் தீவு ஒன்று மெல்ல அமிழ, அதன் கரையைச் சுற்றியிருந்த பவளம் ஈடுகொடுத்து மேல்நோக்கி வளர்ந்தது என்றும், கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் மிஞ்சியது என்றும் 1842இல் டார்வின் விளக்கினார். (3) ஆனால், எதுவும் அமிழத் தேவையில்லை என்றார் ஜான் மர்ரே; கடலடி மேடுகளின் மேல் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உயர்ந்தாலே பவளம் வளர இடம் கிடைத்துவிடும் என்பது அவர் வாதம். (4) 1890களின் கடைசியில் ஃபுனாஃபுட்டி தீவில் முந்நூறு மீட்டருக்கு மேல் துளையிட்டும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை; மேலே வந்த சுண்ணாம்புப் பாறையை இரு தரப்பினருமே தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டனர். (5) 1952இல் எனிவெடோக் தீவில் துளைக்கருவி ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட பவளச் சுண்ணாம்பைத் தாண்டி எரிமலைப் பாறையைத் தொட்டது. (6) மேல்நீரில் மட்டுமே வளரும் பவளம் அவ்வளவு தடிமனுக்குச் சேர வேண்டுமானால், அடித்தளம் அமிழ்ந்துகொண்டே போயிருக்க வேண்டும்.

என் தாளில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான்: 1 புதிர் போடுகிறார். 2 விளக்கம், டார்வின். 3 மாற்று விளக்கம், மர்ரே. 4 சோதனை, முடிவில்லை. 5 சோதனை, கிடைத்தது. 6 டார்வின் பக்கம் சாய்கிறார்.

பேசுவது யார்?

இந்தக் குறிப்பில் இரண்டு பெயர்களை எழுதியதற்குக் காரணம் உண்டு. பட்டிமன்றத்தில் எதிரணி சொன்னதை ஒருவர் எடுத்துச் சொல்லும்போது அது அவர் கருத்து என்று நாம் நினைப்பதில்லை. ‘அவர் சொல்கிறார், வீட்டுக்கு அழகு பெரியவர்களாம்!’ என்று குரலை மாற்றியே காட்டிவிடுவார். அச்சில் குரல் கேட்காது. அதனால் மூன்றாவது வாக்கியத்து ‘ஆனால்’ ஆசிரியருடைய திருப்பம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது மர்ரேயின் ‘ஆனால்’. ஆசிரியர் அதைத் தெரிவிக்கிறார், அவ்வளவுதான். ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்பது ஆறாவது வாக்கியத்தில்தான் தெரிகிறது. அங்கே ‘ஆகவே’ என்றுகூட ஒரு சொல் இல்லை.

இதனால்தான், ‘ஹவெவர்’, ‘பட்’, ‘யெட்’ எல்லாவற்றையும் வட்டமிட்டால் போதும் என்று சொல்லித்தரும் வழி பாதி வழிதான். வட்டமிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டமிட்ட கையோடு அது யாருடைய ‘ஹவெவர்’ என்றும் கேளுங்கள்.

இணைப்புச் சொற்களில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘டு பி ஷ்யோர்’, ‘அட்மிட்டட்லி’, ‘கிரான்டட்’. ‘டு பி ஷ்யோர்’ என்றதும் ஆசிரியர் எதையோ அடித்துச் சொல்லப்போகிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது விட்டுக்கொடுக்கும் சொல். ‘நீ சொல்றது சரிதான்…’ என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அடுத்து ‘ஆனா’ வரப்போகிறது என்று நமக்குத் தெரியுமே, அதே ‘சரிதான்’. அந்த வாக்கியத்தை ஆசிரியரின் முடிவாக எடுத்துக்கொண்டால் கேள்வி போயிற்று. அதேபோல், அறிஞர்கள் நெடுங்காலமாக இப்படி நம்பிவந்தார்கள் என்று ஒரு பேசேஜ் தொடங்கினால், அந்த நம்பிக்கை பெரும்பாலும் நாலாவது வரியைத் தாண்டாது.

முழு அமைப்பைக் கேட்கும் கேள்வி

மேலே உள்ள பேசேஜுக்கு ஆப்ஷன்கள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

அ. ஒரு புதிருக்கான இரண்டு விளக்கங்கள் மறுக்கப்பட்டு, மூன்றாவது விளக்கம் முன்வைக்கப்படுகிறது.
ஆ. ஒரு விளக்கம் முன்வைக்கப்படுகிறது. அதற்கு எதிரான சான்றுகள் தரப்படுகின்றன. மாற்று விளக்கம் ஏற்கப்படுகிறது.
இ. ஓர் ஆய்வு முறையின் வளர்ச்சி விவரிக்கப்பட்டு, அதன் குறைகள் சுட்டப்படுகின்றன.
ஈ. ஒரு புதிரும் அதற்கான இரு போட்டி விளக்கங்களும் தரப்பட்டு, பின்னால் கிடைத்த சான்று அவற்றில் ஒன்றுக்கு வலுச்சேர்ப்பது காட்டப்படுகிறது.
உ. முரண்பட்டவையாகத் தோன்றும் இரு விளக்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துபவை என்று நிறுவப்படுகிறது.

ஆப்ஷன்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி சொல்லிப்பாருங்கள்: ‘புதிர், ரெண்டு பேர் சண்டை, ஒருத்தர் ஜெயிச்சார்.’ இவ்வளவு கொச்சையாக இருந்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு ஆப்ஷனையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பேசேஜில் விரல் வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அ’வில் மூன்றாவது விளக்கத்துக்கு விரல் வைக்க இடமில்லை. ‘உ’வில் யாரும் யாரோடும் சமாதானம் ஆகவில்லை. ‘இ’ துளையிடுதல் இரண்டு முறை வந்ததை வைத்து விரித்த வலை. துளையிடுதல் இங்கே கருவி, பேசுபொருள் அன்று. ‘ஆ’தான் கெட்டிக்காரத்தனமான பொறி. மர்ரேயின் ‘ஆனால்’ ஆசிரியருடையது என்று நினைத்தவர்களும், ஃபுனாஃபுட்டியில் பாறை கிடைக்காததை டார்வினுக்கு விழுந்த அடி என்று எடுத்துக்கொண்டவர்களும் நேராக அங்கே போய் விழுவார்கள். விடை ‘ஈ’.

ஒரு சின்னக் கிளைக்கதை. நூலாசிரியர்கள் வாதத்தைக் கொண்டுபோகும் விதங்களை நன்னூல் என்ற இலக்கண நூல் தன் பாயிரத்தில் ஏழு மதங்களாக, அதாவது கொள்கைகளாக, பிரிக்கிறது. பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது. உடன்படல், மறுத்தல், அப்புறம் ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’, அதாவது அடுத்தவர் கருத்தை எடுத்து நிறுத்திவிட்டுத் தள்ளுவது. ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’, தான் ஒன்றை நாட்டி அதையே நிலைநிறுத்துவது. ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’, இரண்டு பேர் மாறுபட்டு நிற்க, அதில் ஒரு பக்கத்தைத் துணிவது. நம் பவளத்தீவுப் பேசேஜ் அப்படியே இந்த ஐந்தாவது மதம். ‘பிறர்நூல் குற்றம் காட்டல்’ இன்னொன்று. ஓர் ஆய்வாளரின் நூலை எடுத்து அதன் குறையைச் சொல்லும் ஜிஆர்இ பேசேஜ்கள் அந்த வகை. பள்ளியில் மனப்பாடப் பகுதியாக மட்டும் கடந்துபோன இந்தச் சூத்திரம், அமெரிக்கத் தேர்வுக்குப் படிக்கும்போது எனக்குக் கைகொடுத்தது என்பது எனக்கே வேடிக்கைதான். தாளின் தலையில் ‘களைவு’, ‘நிறுப்பு’, ‘துணிவு’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு ஆப்ஷனுக்குப் போவேன்.

ஒரு வாக்கியத்தின் வேலை

நாலாவது வாக்கியம், ஃபுனாஃபுட்டி, எதற்காக? ‘டார்வினின் விளக்கத்தை மறுக்க’ என்று ஓர் ஆப்ஷன் கட்டாயம் இருக்கும். எரிமலைப் பாறை கிடைக்கவில்லை என்ற முதல் பாதியோடு படிப்பதை நிறுத்தியவருக்காக வைத்தது அது. இரண்டாவது பாதியைப் படியுங்கள்: இரு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன. ஆகவே ‘அந்தச் சர்ச்சை அப்போது ஏன் தீரவில்லை என்று காட்ட’ என்பதே விடை.

இங்கே நான் செய்வது, அந்த வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படிப்பது. நாலை எடுத்துவிட்டால் என்ன குறைகிறது? டார்வினும் மர்ரேயும் மோதினார்கள், பிறகு 1952. நடுவில் ஏன் இவ்வளவு காலம் முடிவு வரவில்லை என்பது தெரியாமல் போகிறது. அந்த ஓட்டைதான் வாக்கியத்தின் வேலை.

‘இன் ஆர்டர் டு’ கேள்விக்கும் இதே கை. நுண்ணுயிர்களின் ஓடுகளை ஆசிரியர் எதற்காகக் குறிப்பிடுகிறார்? ‘கடலடியில் படிவுகள் எப்படிச் சேர்கின்றன என்று தெரிவிக்க’ என்று ஓர் ஆப்ஷன் வந்தால், அது சொல்லும் செய்தி பொய் இல்லை. பேசேஜில் இருப்பதுதான். ஆனால் அது தகவல்; நோக்கம் அன்று. அமிழ்தல் இல்லாமலே ஒரு விளக்கம் எப்படிச் சாத்தியம் என்று காட்டத்தான் ஓடுகள் வந்தன. உண்மையான செய்தி, தவறான விடை: இந்த வகைக் கேள்வியில் என் மதிப்பெண் போனது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று. அமெரிக்கா தன் முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது அதே 1952இல், அதே எனிவெடோக்கில்தான். அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஐந்தாவது வாக்கியத்தைப் படிக்கும்போது மனம் அங்கே ஓடும். ஓடவிடாதீர்கள். பேசேஜில் இல்லாதது உங்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் விடைக்கு உதவாது.

ஆப்ஷனில் இருக்கும் வினைகள்

வார்த்தைப் பட்டியலில் அரிய சொற்களைத் தேடி அலைகிறவர்கள் இந்தச் சாதாரணச் சொற்களைக் கவனிப்பதில்லை. ‘குவாலிஃபை’ என்றால் நமக்குத் தேர்வில் தேறுவது. இங்கே அதற்குப் பொருள், ஒரு கூற்றை முழுக்க மறுக்காமல் வரம்பு கட்டுவது: ‘பறவைகள் பறக்கும், நெருப்புக்கோழி போன்ற சில மட்டும் பறக்காது’ என்பது போல. ‘அண்டர்மைன்’ அடித்தளத்தை ஆட்டுவது. ‘ரெஃப்யூட்’ பொய் என்றே நிறுவுவது. ‘சேலஞ்ச்’ கேள்வி எழுப்புவதோடு நின்றுவிடுவது. ‘கரோபரேட்’ வேறோர் இடத்திலிருந்து வரும் சான்றால் வலுச்சேர்ப்பது. ‘இல்லஸ்ட்ரேட்’ வெறும் எடுத்துக்காட்டு தருவது. ‘ரெகன்சைல்’ முரண்பட்ட இரண்டைப் பொருந்தவைப்பது. இந்தச் சொற்களின் வலிமையை ஏணிப்படி மாதிரி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ‘சேலஞ்ச்’ செய்த இடத்தில் ஆப்ஷன் ‘ரெஃப்யூட்’ என்று சொன்னால், மீதி எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

தடித்த எழுத்துக் கேள்விகளில் ஒவ்வொரு ஆப்ஷனிலும் இரண்டு பாதிகள் இருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் தலை சுற்றும். உங்களுக்கு எது தெளிவாகத் தெரிகிறதோ அந்தப் பாதியை மட்டும் வைத்து ஐந்தையும் சலியுங்கள். நம் பேசேஜில் இரண்டாவதையும் ஐந்தாவதையும் தடித்துக் காட்டினால், ஐந்து ‘சான்று’ என்பதில் குழப்பமே இல்லை. இரண்டாம் பாதியில் ‘சான்று’ என்று சொல்லாத ஆப்ஷன்கள் எல்லாம் முதலில் போய்விடும். மிஞ்சுபவற்றில் முதல் பாதியைப் பார்த்தால் போதும்.

ஐந்து ஆப்ஷனுக்குப் பதில் மூன்று கொடுத்து, பொருந்துபவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளும் உண்டு. அங்கே ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாதீர்கள். மூன்றும் தனித்தனிக் கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி சரிக்குப் பாதி மதிப்பெண் என்பது கிடையாது. குறிப்பிட்ட வேலையைச் செய்யும் வாக்கியத்தைப் பேசேஜிலேயே கிளிக் செய்யச் சொல்லும் கேள்வி வந்தால் மகிழுங்கள். தாளில் எழுதிய வினைகளைப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கும்.

நேரம்

கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம். படிக்கும் நேரமும் இதற்குள்தான். ஆறு வாக்கியப் பேசேஜைக் குறிப்போடு படிக்க எனக்கு ஆரம்பத்தில் மூன்று நிமிடம் ஆனது. பழகப் பழக ஒன்றரைக்கு வந்தது. இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே சிக்கி நின்றால், ஒன்றைத் தேர்ந்து, குறியிட்டுவிட்டு நகருங்கள். அதே பகுதிக்குள் திரும்பி வரலாம். வெற்றாக மட்டும் விடாதீர்கள்.

பயிற்சிக்கு, தேர்வை நடத்தும் ஈடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் தேர்வுகள் இரண்டையும் கடைசி வாரங்களுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்கு முன், தினமும் காலையில் ஏதாவது ஒரு தமிழ் நாளிதழின் தலையங்கத்தை எடுங்கள். ஆம், தமிழ்த் தலையங்கம்தான். வாக்கியத்துக்கு ஒரு வினை எழுதுங்கள். மொழி தடையாக இல்லாதபோது இந்தப் பழக்கம் சீக்கிரம் கையில் படியும். ஒரு வாரம் கழித்து ஆங்கிலத் தலையங்கத்துக்குப் போங்கள், அப்புறம் ஜிஆர்இ பேசேஜுக்கு. தவறிய கேள்விகளுக்கு ஒரு நோட்டு போட்டு, சரியான விடையை எழுதுவதற்குப் பதிலாக, எந்தச் சொல்லை நம்பித் தப்பான ஆப்ஷனுக்குப் போனீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் ‘டு பி ஷ்யோர்’ மூன்று தரம் இருந்தது.